ஒரே வாத்துக் கூட்டம், ஆளுக்கொரு எண்ணிக்கை: கண் போகிற இடம்தான் கணக்கா?

ஏரிக்கரையான்:

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்றைக்காவது இதைச் சந்தித்திருப்பீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஏரி. எதிர்க்கரை ஓரமாக ஊசிவால் வாத்துகள் நீளப் பட்டையாக மிதக்கின்றன. நடுவில் நெருக்கம், இரண்டு ஓரத்திலும் சிதறல். எங்கள் குழுவில் மூன்று பேர் எண்ணினார்கள். மூவரிடமும் ஒரே மாதிரி பைனாகுலர், வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஒருவர் 400 என்றார், ஒருவர் 650 என்றார், மூன்றாமவர் யோசித்து 500 என்று எழுதினார். மாலையில் டெலிலென்ஸ் படங்களைக் கணினியில் வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொரு வாத்தின் மேலும் ஒரு புள்ளி வைத்து எண்ணினோம். 800-ஐத் தாண்டியது.

எண் பிசகுவது பெரிய விஷயமில்லை. மூன்று பேரும் உள்ளதைவிடக் குறைத்தே சொன்னார்களே, அதுதான் என்னைக் குடைகிறது. 650 சொன்னவர் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை பைனாகுலரை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். 400 சொன்னவர் நடுவில் நெருக்கமாக இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அப்படியானால் கவனம் விழுந்த அளவுக்குத்தான் எண் வெளியே வருகிறதா? இதைப் பற்றி ஆராய்ச்சி உண்டா? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள்.

நெருஞ்சி:

இதில் கவனத்துக்கு என்ன வேலை? கண் அடர்த்தியைப் பார்க்கிறது, பரப்பைப் பார்க்கிறது, இரண்டையும் பெருக்கிக்கொள்கிறது. 400 சொன்னவர் ஓரத்துச் சிதறலைப் பரப்பில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பொதுக்கூட்டத்தில் தலை எண்ணுகிற முறையும் இதுவே. 1960-களில் பெர்க்லியில் இதழியல் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டம் நடந்த சதுக்கத்தின் தரைக் கட்டங்களைப் பிடித்துக்கொண்டார். சில கட்டங்களில் எத்தனை பேர் என்று எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். இன்றைக்கும் கூட்டத்தை மதிப்பிடுகிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

அறிதிறன்:

அறிவாற்றல் அறிவியலில் ஆய்வு மாணவன் நான். ஏரிக்கரையான் அண்ணா கேட்ட கேள்விக்கு 150 வருடத்துக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மேசைமேல் மூன்று சாவி கிடந்தால் எண்ணாமலே மூன்று என்று தெரிந்துவிடுகிறது. பதினொன்று கிடந்தால் எண்ண வேண்டும். எண்ண நேரமில்லை என்றால் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்கிறோம். இவை மூன்று தனித்தனி வேலைகள், மூன்றிலும் கவனம் வெவ்வேறு விதமாகச் செலவாகிறது.

1871-ல் 'நேச்சர்' இதழில் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கறுப்புத் தட்டு, அதன் நடுவே வெள்ளைக் காகிதத்தில் செய்த வட்டப் பெட்டி. கறுப்பு அவரைக்கொட்டைகளை ஒரு பிடி அள்ளி அதை நோக்கி வீசுவார். பெட்டிக்குள் விழுந்தவை அசைவு அடங்கியதும் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பார். தனி ஆளாக இதை 1027 முறை செய்திருக்கிறார். மூன்றிலும் நான்கிலும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஐந்தில் எப்போதாவது பிசகியது. அதற்கு மேல் போகப் போகப் பிசகும் ஏறியது. ஆய்வகம் கிடையாது, கருவி கிடையாது; ஆனால் இந்தத் துறையின் அடிப்படை அந்தத் தட்டில் கிடைத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது.

1949-ல் அமெரிக்காவில் காஃப்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1 முதல் 210 புள்ளிகள் வரை திரையில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டிப் பார்த்தார்கள். எண்ணாமலே தெரிந்துவிடும் எல்லையை அவர்கள் ஆறுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பின்னால் பதில் சொல்ல ஆகும் நேரத்தை நுணுக்கமாக அளந்தவர்கள் அதை நான்குக்கு இறக்கினார்கள். நான்கு வரை, ஒரு பொருள் கூடினால் 40 முதல் 100 மில்லிநொடிதான் கூடுகிறது. அதற்கு மேலே ஒவ்வொரு பொருளுக்கும் 250 முதல் 350 மில்லிநொடி வரை தேவைப்படுகிறது. அந்த இடத்தில் வேலையே மாறிவிடுகிறது: ஒரே பார்வையில் அள்ளியது போய், கவனம் ஒவ்வொரு பொருளாக நகர ஆரம்பிக்கிறது.

இப்படி நகர முடியாவிட்டால் என்ன ஆகும்? 1976-ல் ஆட்கின்சன், கேம்பெல், ஃபிரான்சிஸ் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். கேமரா ஃபிளாஷைப் பார்த்த பிறகு கண்ணுக்குள் அதன் வடிவம் கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த மாதிரி ஒளிப்புள்ளிகளின் தடத்தைக் கண்ணில் பதித்தார்கள். கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிகளும் கூடவே வரும், ஒரு புள்ளியை விட்டு இன்னொன்றுக்குப் போக வழியே இல்லை. நேரம் தாராளமாகக் கொடுத்தும், நான்கு வரை சரியாகச் சொன்னவர்கள் ஐந்திலிருந்து பிசக ஆரம்பித்தார்கள். ஐந்து புள்ளியை எண்ணக்கூடப் பார்வை இடம் மாறியாக வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

கரும்பலகை:

தம்பி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 'கவனம் ஒவ்வொன்றாக நகர்கிறது' என்று நீங்கள் சொல்வதை நாங்கள் தினமும் நேரில் பார்க்கிறோம்.

தரையில் புளியங்கொட்டைகளை வட்டமாகப் பரப்பி எண்ணச் சொன்னால், குழந்தை ஒரு சுற்று முடித்த பிறகும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே ஆரம்பித்தோம் என்பது அதற்குத் தெரியாது. விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் ஒரு வேகத்தில் போகும். 'அஞ்சு' என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் இரண்டு கொட்டையைத் தாண்டியிருக்கும். எண் வரிசையைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளைகூட இதில் திணறும். எண்ணிய கொட்டையைக் கையால் இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், பாதித் தவறு அன்றைக்கே குறைந்துவிடும். எது எண்ணியது, எது எண்ணாதது என்பதை மனதில் சுமக்க வேண்டியதில்லை, தரையே சுமந்துகொள்கிறது. 1978-ல் கெல்மன், காலிஸ்டெல் இருவரும் குழந்தைகள் எண்ணுவதைப் பற்றி எழுதியதில் முதல் விதியே 'ஒரு பொருளுக்கு ஒரு எண்' என்பதுதான். விதி குழந்தைக்குப் புரிந்திருக்கும். அதைக் கடைசி வரை பிடித்து வைக்கக் கவனம் போதாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. ஆடிக்கொண்டே போகும்போது எந்தக் குழியில் நான்கு சேர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் எடுக்க வேண்டும். நன்றாக ஆடுகிற பிள்ளைகள் இதை எண்ணுவதே இல்லை, குழியைப் பார்த்ததும் 'பசு!' என்று கை போய்விடும். அறிதிறன் தம்பி சொல்லும் அந்த நான்கும் இந்த நான்கும் ஒன்றாக இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பசு ஏழு காய்க்கு என்று வைத்திருந்தால் ஆட்டம் இந்த வேகத்தில் ஓடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

தென்னந்தோப்பு:

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நாங்க பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம். காய் எண்ணிப் போடுறவர் கைக்கு ஒண்ணா ரெண்டு காய் எடுத்து ஒரு குவியல்ல இருந்து இன்னொரு குவியலுக்கு வீசுவார். 'ஒண்ணு'ன்னு ஆரம்பிக்க மாட்டார், 'லாபம்'னுதான் ஆரம்பிப்பார். நூறு ஆனதும் ஒரு காயைத் தனியா ஓரமா வைப்பார். கடைசியில ஓரமா இருக்கிற காயை எண்ணினாப் போதும், எத்தனை நூறுன்னு தெரிஞ்சிடும். அவர் எண்ணுறப்ப யாரும் பக்கத்துல பேசக்கூடாது, அதுலயும் விலை பேசவே கூடாது. வேற எண் காதுல விழுந்தா அவர் எண் போயிடும். அதனாலதான் ராகம் போட்டுச் சத்தமாவே சொல்லிட்டு இருப்பார்.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய ஆளுங்க குவியலைப் பார்த்தே 'ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி'ன்னு சொல்லிடறாங்க, எண்ணிப் பார்த்தாப் பக்கத்துல வந்துடுது. குவியல்ல மேல இருக்கிற காய் மட்டும்தானே கண்ணுக்குத் தெரியும்? இது எப்படி?

பூநாரை:

தென்னந்தோப்பு சார், பறவை எண்ணுகிறவர்களும் அதே வழியில்தான் பழகுகிறோம். அந்தப் பெரியவர் எண்ணி முடித்த குவியல்களை ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார். 'இவ்வளவு பெரிய குவியல் என்றால் இவ்வளவு காய்' என்கிற அளவுகோல் அவர் கண்ணில் ஏறிவிட்டது. எண்ணிப் பார்த்து உடனுக்குடன் விடை தெரிந்துகொள்வதால் அந்த அளவுகோல் சரியாகிக்கொண்டே வருகிறது. விடை பார்க்காமல் வெறுமனே வருடக்கணக்கில் குத்துமதிப்புச் சொல்கிறவருக்கு இது வராது. அனுபவம் நிறைய உள்ள பறவை ஆர்வலர்களிடமே இந்தக் குறையைப் பார்க்கிறேன். தயவுசெய்து இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வெரோனிக் இஸார், ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டது. புள்ளிக் கூட்டங்களைக் காட்டி எத்தனை என்று கேட்டபோது, பெரும்பாலும் மக்கள் குறைத்தே சொன்னார்கள். பிறகு ஒரே ஒரு மாதிரியைக் காட்டி 'இதில் 30 இருக்கிறது' என்றார்கள். உடனே மற்ற எல்லாக் கணிப்பும் அதையொட்டி நகர்ந்தது, 30-க்கு வெகு மேலே உள்ளவையும் சேர்த்து. சிலருக்கு 25 புள்ளியைக் காட்டி 30 என்றார்கள், சிலருக்கு 39 புள்ளியைக் காட்டி 30 என்றார்கள். அவரவர் கணிப்பு அந்தந்தப் பக்கம் சாய்ந்தது. ஆக ஒரு சரியான மாதிரி கையில் இருந்தால் கண்ணைத் திருத்திவிடலாம். தப்பான மாதிரி எடுத்தால் நாள் முழுக்கத் தப்பும்.

களத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். கூட்டத்தில் ஒரு துண்டை எடுத்து 20 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுவேன். அந்த 20 பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். பிறகு அந்த அளவை ஓரத்திலிருந்து ஓரம் வரை படிப்படியாக வைத்துக்கொண்டே போவேன். நெருக்கமான இடத்துக்கு ஒரு 20, சிதறலான இடத்துக்குத் தனியாக ஒரு 20. இரண்டுக்கும் ஒரே அளவைப் பயன்படுத்தினால் வீண். ஏரிக்கரையான் குழுவில் 400 சொன்னவர் இந்த இரண்டாவது 20-ஐ எடுக்காமல் விட்டவர் என்று நினைக்கிறேன்.

சிதறலைக் கண் குறைத்து மதிப்பிடும் என்பதும் தெரிந்த விஷயம்தான். 1972-ல் ஃபிரித் தம்பதியர் காட்டிய தோற்றமயக்கம் ஒன்று உண்டு. சாலிட்டேர் பலகையில் 16 காய்கள் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, வேறு நிறத்தில் 16 காய்கள் வெளியே நான்கு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. இரண்டும் சமம். ஆனால் நடுவில் நிற்பவைதான் அதிகம் என்று கண் அடித்துச் சொல்லும். ஒரே கூட்டமாகத் தெரிவதன் பக்கம் பார்வை இழுபடுகிறது.

நெருஞ்சி:

நான் சொன்ன அடர்த்திக் கணக்கைத்தான் பூநாரை அக்காவும் வேறு விதமாகச் சொல்கிறார். ஆனால் கவனம் பற்றிய வாதத்துக்கு நேர் எதிரான ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. இத்தாலியில் டேவிட் பர், மார்க்கோ துரி, ஜோவன்னி அனொபிலே மூவரும் 2010-ல் செய்தது. திரையின் நடுவில் கடினமான ஒரு வேலையைக் கொடுத்துக் கவனத்தை அங்கே கட்டிப்போட்டார்கள். அதே நேரம் சுற்றியுள்ள புள்ளிகள் எத்தனை என்றும் கேட்டார்கள். நான்குக்குள் இருந்த எண்களில் துல்லியம் கெட்டது. பெரிய எண்களைக் குத்துமதிப்பாகச் சொல்வதில் பெரிய மாற்றம் இல்லை! கட்டுரையின் தலைப்பே, பார்த்தவுடன் அறிவதற்குக் கவனம் வேண்டும், மதிப்பிடுவதற்கு வேண்டாம் என்பதுதான். 800 வாத்து எந்தப் பக்கம் சேரும்?

அறிதிறன்:

நெருஞ்சி சொல்லும் கட்டுரை முக்கியமானது. அதை எடுத்துவந்ததற்கு நன்றி. பலர் தலைகீழாகத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். மூன்று, நான்கு எல்லாம் சும்மா தெரிந்துவிடும், அதற்குக் கவனமே வேண்டாம் என்பது பழைய எண்ணம். அது உடைந்தது. 2008-ல் வெட்டர், பட்டர்வொர்த், பஹ்ராமி செய்த சோதனையிலும் கவனத்தை வேறு வேலையில் போட்டால் இந்தச் சிறு எண்களே தடுமாறின. முன்பு 1993-ல் டிரிக், பிலிஷின் இருவரும் இதற்கு அடையாளம் காட்டியிருந்தார்கள். எக்ஸ் எழுத்துகளுக்கு நடுவே கிடக்கும் வளையங்கள் எத்தனை என்று கேட்டால் மூன்று, நான்கு வரை பார்த்தவுடன் வரும். அதே வளையங்களை க்யூ எழுத்துகளுக்கு நடுவே போட்டால் வராது. வளையத்துக்கு வால் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, கவனம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. கொசு உள்ளான் கூட்டத்தில் அதே அளவு, அதே நிறத்தில் வேறொரு உள்ளான் மூன்று மட்டும் நின்றால் 'மூன்று' என்பது சட்டென்று வராததற்கு இதுதான் காரணம் என்பேன்.

ஆனால் நெருஞ்சி கேட்ட கேள்விக்கு முழுப் பதில் அந்த 2010 கட்டுரையில் இல்லை. அதில் புள்ளிகள் எல்லாம் ஒரு திரைக்குள் அடங்கியிருந்தன, கண்ணுக்கு முன்னால் ஒரே சமயத்தில் தெரிந்தன. 2019-ல் சேயெட், பியான்டடோசி இருவரும் கண் எங்கெங்கே நிற்கிறது என்பதைக் கருவியால் பதிவுசெய்துகொண்டே இதே மாதிரிச் சோதனை செய்தார்கள். காட்டும் நேரம் கூடக் கூட, சொல்லும் எண்ணும் கூடியது, தடுமாற்றமும் குறைந்தது. நேர்ப்பார்வை எந்தப் புள்ளிகள் மேல் விழுந்ததோ அவைதான் பெரும்பாலும் கணக்கில் ஏறின. கண் போகாத புள்ளிகள் மிகக் குறைவாகவே பங்களித்தன. குறைத்துச் சொல்லும் பழக்கத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் அதுதான்.

இரண்டு முடிவும் மோதுகின்றன, விவாதம் இன்னும் முடியவில்லை. என் கருத்து இது: நடு வேலையில் கவனத்தைக் கட்டிப்போட்டால் '40-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியுமா' என்கிற கூர்மை கெடாமல் இருக்கலாம். ஆனால் சொல்லும் எண் மேலா கீழா என்பதைக் கண் எவ்வளவு தூரம் போய்வந்தது என்பது தீர்மானிக்கிறது. ஏரியில் கூட்டம் பைனாகுலர் வட்டத்துக்குள் அடங்குவதே இல்லை. அங்கே பார்க்காமல் விட்ட இடம் மங்கலாகக்கூடத் தெரியாது, இருட்டுதான். ஓரத்திலிருந்து ஓரம் போனவர் 650 சொன்னதும் நடுவில் நின்றவர் 400 சொன்னதும் 2019 சோதனையோடு அப்படியே பொருந்துகிறது.

விழித்திரை:

கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன். நேர்ப்பார்வை என்று தம்பி சொல்வது எவ்வளவு சிறிய இடம் என்பதைப் பலர் உணர்வதில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான் விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகப் பார்க்கிறது, சுமார் 2 பாகை. அதற்கு வெளியே போகப் போக, நெருங்கி நிற்கும் பொருள்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பக்கப் பார்வையில் காட்டும் புள்ளிக் கூட்டம், நேர்ப்பார்வையில் காட்டும் அதே கூட்டத்தைவிடக் குறைவாகத் தோன்றுவதை 2013-ல் ஜெர்மனியில் வால்செக்கியும் மற்றவர்களும் காட்டியிருக்கிறார்கள்.

மூளையின் பின்பக்க மேல் பகுதியில், இரண்டு பக்கமும் பாதிப்பு வந்த சிலருக்கு ஒரு விசித்திரமான நிலை ஏற்படும். பார்வை இருக்கும், ஆனால் ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு பொருளுக்கு மேல் பார்க்க முடியாது. சீப்பைக் காட்டினால் சீப்பு தெரியும். பக்கத்தில் வைத்த கரண்டி அவர்களுக்கு இல்லவே இல்லை. தெஹேனும் லாரன் கோஹனும் 1994-ல் இப்படிப்பட்ட நோயாளிகளைச் சோதித்தார்கள். இரண்டு, மூன்று புள்ளி வரை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். அதற்கு மேல் எண்ணவே முடியவில்லை. எண்ணிய புள்ளிக்கே திரும்பத் திரும்பப் போனார்கள், எண்ணாததை விட்டார்கள். எண் வரிசை தெரியும், புள்ளியும் தெரியும். 'இதை முடித்தாயிற்று' என்று அடையாளம் வைக்கிற வேலை மட்டும் போய்விட்டது. கரும்பலகை டீச்சர் சொன்ன வட்டக் கொட்டைக் குழந்தை இந்த அடையாளத்தை இனிமேல்தான் பழக வேண்டும். இவர்கள் பழகியிருந்ததை இழந்தவர்கள்.

வங்காலை:

நான் மன்னாரில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் ஊசிவால் வாத்தும் மற்ற வாத்துகளும் நாரைகளும் கலந்துதான் நிற்கும். ஒவ்வொரு இனமாக நாலு தரம் எண்ணுவதா, இல்லாட்டி ஒரே தரத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து எண்ணுவதா? இரண்டு விதமாகவும் செய்யிற ஆட்கள் இருக்கினம்.

அறிதிறன்:

வங்காலை அண்ணா, உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு சோதனை உண்டு. 2006-ல் ஹல்பர்டா, சையர்ஸ், ஃபைகன்சன் பல நிறப் புள்ளிகளைக் கலந்து அரை நொடி காட்டினார்கள். எந்த நிறத்தைப் பற்றிக் கேட்கப்போகிறோம் என்பதை முதலில் சொல்லவில்லை, காட்டி முடித்த பிறகுதான் கேட்டார்கள். இரண்டு நிறம், கூடவே மொத்தம், ஆக மூன்று கூட்டங்கள் வரை மக்கள் சமாளித்தார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்டால் எவ்வளவு நன்றாக வருமோ அவ்வளவு. மூன்றைத் தாண்டியதும் சரிந்தது. ஒவ்வொரு நிறக் கூட்டத்தையும் கவனம் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது போல. ஆகவே நிறத்தால் தெளிவாகப் பிரியும் இரண்டு இனம் என்றால் ஒரே தடவை போதும். நாலு இனம் என்றாலோ, நிறம் ஒத்துப்போனாலோ, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சுற்று.

பிக்சல்:

மென்பொருள் எழுதுகிறவன். படத்தை எண்ணிக் கொடுக்கும் நிரல்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ஆனால் ஒன்றன்பின் ஒன்று மறைத்து நிற்கிற பறவைகளில் அவையும் குறைத்தே சொல்கின்றன. படத்தில் இல்லாததை அவற்றால் எண்ண முடியாது. கண்ணுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. புள்ளிகளை இரண்டிரண்டாக மெல்லிய கோட்டால் இணைத்துவிட்டால், மொத்தமே குறைந்ததாகத் தெரியும். 2009-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. கோட்டைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொன்னாலும் அப்படித்தான் தெரியும். கழுத்து உரச நிற்கும் பூநாரைகளில் இது எவ்வளவு குறைக்கும் என்று யாராவது அளந்தால் நன்றாக இருக்கும்.

நெருஞ்சி:

கண் போகிற தூரம் எண்ணை மாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், 2019 சோதனை வலுவானது. அடர்த்தியைக் கைவிட மாட்டேன். 2008-ல் பர், ராஸ் இருவரும், நிறையப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகு அதே இடத்தில் வரும் புள்ளிகள் குறைவாகத் தோன்றுவதைக் காட்டி, எண்ணிக்கைக்குக் கண்ணில் தனிப் புலன் இருக்கிறது என்றார்கள். அதே ஆண்டில் ஃபிராங்க் டர்கின் மறுத்தார்: மாறியது அடர்த்தி உணர்வுதான் என்றார். நான் டர்கின் பக்கம். எந்தப் பக்கமானாலும், பெரிய கூட்டத்தை ரொம்ப நேரம் பார்த்த கையோடு அடுத்ததை மதிப்பிடக் கூடாது. கொஞ்சம் வானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பூநாரை:

நல்ல யோசனை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எண்ணுகிறவர் வேறு, சுற்றிலும் பார்க்கிறவர் வேறாக இருக்க வேண்டும். 1999-ல் சைமன்ஸ், சாப்ரிஸ் செய்த கூடைப்பந்துக் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பந்து எத்தனை முறை கைமாறியது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து நின்று மார்பில் தட்டிக்கொண்டு போனார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்க்கவே இல்லை. நத்தை குத்தி நாரைகளை மும்முரமாக எண்ணும்போது தலைக்கு மேல் போகும் பூனைப்பருந்து பட்டியலில் ஏறாமல் போவது இதனால்தான். எண்ணுவதற்குக் கவனம் முழுவதும் வேண்டும் என்றால், மற்றதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இனி ஓரத்திலிருந்து ஓரம் போவதைக் கட்டாயமாக்குகிறோம். நெருக்கத்துக்கு ஒரு 20, சிதறலுக்கு ஒரு 20. எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் முதலில் காதில் விழும் எண்ணே மாதிரியாகிவிடும். அன்றைக்கே படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று குறித்து வைப்போம்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். சாயங்காலம் அடையப் பறந்து வரும் கூட்டத்துக்கு என்ன செய்வது? 20 எண்ணுவதற்குள் அவை இடம் மாறிவிடுகின்றன.

அறிதிறன்:

ஒரே மாதிரி நகரும் பொருள்களில் எத்தனையைக் கவனத்தால் தொடர முடியும் என்று 1988-ல் பிலிஷின், ஸ்டார்ம் பார்த்தார்கள். நான்கைந்துதான். அதற்கு மேல் எது எது என்று குழம்பிவிடும். ஆகவே பறவையைப் பின்தொடர்ந்து எண்ணாதீர்கள் அண்ணா.

பூநாரை:

ஆமாம். பார்வையை ஓட விடாதீர்கள். கரையில் நிற்கிற ஒரு பனைமரத்தை எடுத்துக்கொண்டு, பைனாகுலரை அதன் மேல் அசையாமல் வைத்து, அந்தக் கோட்டைத் தாண்டுகிறவற்றை மட்டும் எண்ணுங்கள். கூட்டம் மெல்லியதாக வந்தால் ஒவ்வொன்றாக, திரளாக வந்தால் ஐந்தைந்தாக. கையில் ஒரு டேலி கவுண்டர் இருக்கட்டும், எண்ணை வாயால் சொல்லாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகலாம். கண்ணை எடுக்க வேண்டியதில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போகிறவற்றை இன்னொருவர் தனியாக எண்ணிக் கழிக்க வேண்டும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பறவைகள் வர ஆரம்பித்த பிறகு மரத்தை மாற்றினால் கணக்கு சேராது.